ஆறு பேருக்குத்தான் இடம்

அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும். சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள். ஃபேன் சத்தம் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்.

உன் அம்மா இறந்துபோன பிறகு அவளுடைய அலமாரியில், மடித்த துணிகளுக்கு நடுவே, உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடியோடு அந்த ஃபிளாப்பி இருந்தது என்றாய். உன் ஆபீசில் யாரோ அதைப் படித்துப் பார்த்து, ஏதோ ஒரு பெயர் அழிந்த மாதிரி இருக்கிறது, முதல் எழுத்தைக் காணோம் என்றாராம். தானாக அழியவில்லை. அழித்தது நான். இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வீட்டில் நானும் என் மகனும், அதாவது உன் அப்பாவும், மட்டும். அவனுக்கு ஒன்பது வயதானபோது, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கம்ப்யூட்டர் பெட்டியில் அந்த விளையாட்டு கிடைத்தது. ஆறு பேர் கொண்ட குழு குகை குகையாக அலைந்து சண்டை போடும். ஊர்ச் சத்திரத்துக்குத் திரும்பினால்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். அவன் பெயரில் ஒருவன், என் பெயரில் ஒருவன், நாங்களே பெயர் வைத்த நான்கு பேர். இரண்டு வருஷம் ஆடினோம். என் ஆயுளில் நல்ல காலம் என்றால் அதுதான்.

தொழில் புத்தி, ஆட்டம் சேமித்திருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆளுக்கு நூற்று இருபத்தெட்டு பைட். முதலில் பெயர். பிறகு பலம், அறிவு, வேகம். ஒவ்வொன்றும் இரண்டு தடவை எழுதியிருக்கும்: இப்போது எவ்வளவு, பிறவியில் எவ்வளவு. அடிபட்டுக் குறைந்தாலும் சத்திரத்தில் படுத்து எழுந்தால் பிறவி அளவு திரும்பிவிடும். அப்புறம் உயிர். அப்புறம் ஆள் எந்தச் சத்திரத்தில் இருக்கிறான் என்று ஓர் எண். கடைசியில், குழுவில் நிற்கும் ஆறு பேரின் வரிசை.

இருபத்தேழு வயதில் உன் அப்பாவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இதே அறை, அந்த ஜன்னலோரம் கட்டில். பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் பெயர் வைத்த நால்வரில் ஒருவனை நீக்கிவிட்டு, உன் அம்மா பெயரில் ஒரு வாள்காரியை உருவாக்கி, முன்வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்தினான். உன் அம்மா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பார்ப்பாள். வயிற்றில் நீ ஏழு மாதம்.

"என்னை எதுக்கு எப்பவும் முன்னாடி நிறுத்தறீங்க? அடி வாங்கவா?" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கும்போது நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

ஒரு நாள் அவன் தூங்கும்போது கோப்பைத் திறந்து, அவனுடைய ஆளின் உயிரை இருநூற்று ஐம்பத்தைந்தாக மாற்றிவைத்தேன். ஒரு பைட்டில் அதற்குமேல் கொள்ளாது. எழுந்து பார்த்தவன் என்னைத் திட்டவில்லை.

"நீதானே? விடுப்பா. இருக்கறதை வெச்சு ஆடறேன்" என்று சொல்லி, பழைய அளவையே போடச் சொன்னான். போட்டேன்.

கடைசித் திங்கட்கிழமை உன் அம்மா செக்கப்புக்குப் போயிருந்தாள். அவன் என்னைக் கூப்பிட்டான். குழுவில் ஒரு புது ஆள் நின்றது. பெண் பெயர்.

"பொண்ணு பொறந்தா இதுதான் பேரு. அவகிட்ட இப்பச் சொல்லிடாதே, ஞாயித்துக்கிழமை நானே காட்டறேன்" என்றான். பிறகு, "உன் ஆளை இறக்கிட்டேன், கோச்சுக்காதேப்பா. ஆறு பேருக்குத்தான் இடம்."

இதில் கோபப்பட என்ன இருக்கிறது, நான் கோபப்படவில்லை. செவ்வாய் காலையில் அவன் போய்விட்டான்.

பதினாறாம் நாள் உன் அம்மா கேட்டாள்: "மாமா, அவர் கடைசியா ஆடினதை ஒரு தடவை பார்க்கட்டுமா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அன்று மதியம் உட்கார்ந்து வேலையை முடித்தேன். அந்த விளையாட்டில் ஒருவரை நீக்குவது சுலபம்: பெயரின் முதல் பைட்டைப் பூஜ்யமாக்கினால் போதும், மற்ற எழுத்துகள் இருந்தாலும் திரையில் ஆள் வராது. உன்னை அப்படி நீக்கினேன். உன் அம்மாவைச் சத்திரத்துக்கு அனுப்பினேன். அவள் நின்ற இடத்தில் என்னை நிறுத்தினேன். அதற்கு முன்பே பெட்டியின் கடிகாரத்தை அவன் கடைசியாக ஆடிய திங்கட்கிழமைக்குப் பின்தள்ளி வைத்திருந்தேன், கோப்பின் தேதி சரியாக விழவேண்டும் அல்லவா.

அவள் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள்.

"என்னை இறக்கி விட்டுட்டாரா மாமா?"

"முடியாம கெடந்தவன்மா. என்ன செய்யறோம்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

இந்தப் பதிலை யோசித்துத்தான் வைத்திருந்தேன். இல்லை என்று சொன்னால் செய்த வேலை வீண். ஆமாம் என்றால் பொய். இதில் பொய்யே இல்லை, பார்.

"எந்தத் தேதி?" என்றாள். காட்டினேன். தலையை ஆட்டினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. ஃபிளாப்பியைத் தானே உருவி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுவாரம் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நீ பிறந்த சேதி எனக்கு வேறு ஆள் சொல்லித்தான் தெரியும்.

அவள் நல்லதுக்குத்தான் செய்தேன். சின்ன வயது. வெறுப்பு வந்தால் துக்கம் சீக்கிரம் ஆறும், வேறொரு வாழ்க்கை அமையும் என்று நினைத்தேன். அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை என்கிறாய். வீட்டில் அப்பாவின் ஒரு போட்டோகூட மாட்டவில்லை, அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்கிறாய். அப்படி வெறுத்தவள் அந்தக் கண்ணாடியை எதற்குத் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருந்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அழாதே. தண்ணீர் குடி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எதையும் மாற்றுமுன் நகல் எடுக்காமல் நான் வேலை செய்ததில்லை. திங்கட்கிழமை அவன் சேமித்தது அப்படியே உள்ளறையில் இருக்கிறது. பெட்டி மாற மாற அதையும் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். உன் அம்மா, அவன், நீ, மூவரும் முன்வரிசையில் நிற்கிறீர்கள். அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். அவளுக்கு ஒரு தபாலில் அனுப்பியிருக்கலாம், எந்த நாளிலும். விலாசம் தெரியும்.

உன் அப்பா உனக்கு வைத்த பெயர் என்ன என்றுதானே கேட்டாய். மிச்சம் இருக்கிற எழுத்துகளுக்கு முன்னால் எதைப் போட்டாலும் ஒரு பெயர் வருகிறது. நீயும் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்திருப்பாய். சரியானது எனக்குத் தெரியும்.

இன்றைக்கு வேண்டாம், களைத்திருக்கிறாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா, சொல்கிறேன். உன்னை வரவழைக்கத்தான் இப்படிச் செய்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.