பாலகோபால் வீட்டு ஆறு வோல்ட் கார்

மார்கழிக் காலையில் ஆறு வோல்ட் கார் முதல் தடவையில் ஸ்டார்ட் ஆகாது, மேடம். அதில் காருக்கும் கேவலம் இல்லை, காரின் சொந்தக்காரருக்கும் கேவலம் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். விளக்கு மங்கலாக எரியும், மோட்டார் முனகும், இரண்டு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். இதைப் பாலகோபால் ஒப்புக்கொண்டிருந்தால் நான் இன்று உங்கள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தம்பிதுரை, வயது ஐம்பத்தொன்று, உக்கடத்தில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. பழைய கார் என்றால் இந்த ஊரில் என்னைத்தான் தேடி வருவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, விவரத்துக்குச் சொல்கிறேன்.

பாலகோபாலை உங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தா நூல் மில் வைத்தார். அப்பா அதை நடத்தினார். இவர் மூடிவிட்டுக் கல்யாண மண்டபம் ஆக்கினார். ஆனால் மைக் கையில் கிடைத்தால், "நாங்க நூத்த நூலுல பாதி நாடு துணி கட்டுச்சுங்க" என்பார். அவர் நூற்றது எதுவும் நான் பார்த்ததில்லை. மரியாதையில் மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டு நாயைக்கூட "உக்காருங்க" என்றுதான் சொல்வார். நாய் உட்காராவிட்டால் அன்றைக்கு அதற்குச் சோறு கிடையாது.

தாத்தா வாங்கிய 1947 மாடல் அமெரிக்கக் கார் ஒன்று அவரிடம் இருக்கிறது. கறுப்பு. அதை முப்பத்துநாலு வருஷமாக ஓட்டியவர் டிரைவர் அங்கப்பன். வருஷா வருஷம் ஜனவரியில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும்; எதையும் மாற்றாத அசல் காருக்குக் கப்பு கொடுப்பார்கள். அன்று காலை மண்டபத்து வாசலில் தாத்தாவின் மார்பளவுச் சிலையைப் பார்த்துக் காரை நிறுத்துவார்கள். நாலடி இடைவெளி. தாத்தாவுக்கும் காருக்கும் சேர்த்து ஒரே தட்டில் ஆரத்தி. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டார்ட் செய்து, பின்னால் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சம்பிரதாயம் என்பார்கள். அதை ஆரம்பித்ததே பாலகோபால்தான். எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும்.

போன வருஷம் கார் கிளம்பவில்லை. பாலகோபால் பின்சீட்டில் தலைப்பாகையோடு உட்கார்ந்து வாசலில் நின்றவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே இருந்தார். நானும் அங்கப்பனும் தள்ளினோம். அறுபத்திரண்டு வயது மனிதர், வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கார் கிளம்பியதும் பாலகோபால் கண்ணாடியை இறக்கி விருந்தாளிகளிடம் சொன்னார்: "எங்க காருக்கு வயசாகலீங்க. டிரைவருக்குத்தான் ஆயிப்போச்சுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கப்பனும் சிரித்தார். மூச்சு வாங்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பாலகோபால் பேசியது எனக்குக் குமட்டவில்லை, பழகிய நாற்றம். அந்தச் சிரிப்புதான் குமட்டியது.

அடுத்த மாதமே பாலகோபால் கடைக்கு வந்தார்.

"பன்னெண்டு வோல்ட்டா மாத்திக் குடுத்துருங்க தம்பிதொரை. ஆனா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாதுங்க. பாக்கறவங்களுக்கு அசல் ஆறு வோல்ட்டாவே இருக்கோணும்."

"அசல்னு சொல்லித்தானுங்களே கப்பு வாங்குறீங்க?"

"அசல்ங்கறது மனசுல இருக்குதுங்க" என்றார்.

ஐந்து மாதம் ஆனது. பல்பு, காயில், ஹாரன் எல்லாம் மாற்றினேன். பழைய டைனமோவின் கூட்டைக் குடைந்து அதற்குள் புது ஆல்டர்னேட்டரை வைத்தேன். பழைய ஆறு வோல்ட் பேட்டரியின் பெட்டிக்குள், மேல் மூடி கலையாமல், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. பெட்ரோல் முள்ளும் மற்ற முள்களும் பொசுங்காமல் இருக்க, டேஷ்போர்டுக்குப் பின்னால் வோல்ட்டைக் குறைக்கும் ஏற்பாடு. காரில் இடது பக்கம் ஏறும் படிக்கு அடியில் ஒரு மெயின் சுவிட்ச். திருகினால் கார் முழுக்கச் செத்துவிடும். அது இருக்கும் இடம் என் ஒருவனுக்குத்தான் தெரியும். போனட்டைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தாலும் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆறு வோல்ட்டுக்குச் செய்தது. பன்னிரண்டு பாய்ந்தால் அதன் உள்ளேயிருக்கும் செம்புத் தகடுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால், காலால் மிதிக்கும் ஸ்டார்ட் பட்டனிலிருந்து காலை எடுத்தாலும் மோட்டார் நிற்காது. கியரில் இருந்தால் இன்ஜின் ஓடாமலே கார் நகரும், மாட்டு வண்டி வேகத்தில். புது சுவிட்ச் வாங்கி வைத்திருந்தேன். இப்போதும் என் டிராயரில் இருக்கிறது.

மறதியா என்று கேட்கிறீர்கள். இல்லை. பழைய சுவிட்சைக் கழற்றி உள்ளே தகடுகளைப் பிரித்துவிடும் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுத்தான் மறுபடி பூட்டினேன்.

காரணம் எளிது. இந்த வருஷம் வீடியோக்காரர்கள் வருவதால் தானே ஸ்டார்ட் செய்யப்போவதாகப் பாலகோபால் சொல்லியிருந்தார். கைபிரேக் சரியில்லாததால் அங்கப்பன் எப்போதும் முதல் கியரில்தான் நிறுத்துவார்; ஸ்டார்ட் செய்யும்போது கிளச்சை மிதித்துக்கொள்வார். பாலகோபாலுக்கு இது தெரியாது. அவர் பட்டனை மிதிக்க வேண்டும், கார் தானாக நகர்ந்து தாத்தாவின் பீடத்தில் முட்ட வேண்டும், அது வீடியோவில் வர வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். அங்கப்பனுக்காகத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முந்தின நாள் அங்கப்பன் கடைக்கு வந்தார்.

"ஏங்கண்ணு தொரை, பட்டனை உட்டதுக்கப்பறமும் மோட்டாரு ஒரு நிமுசம் இழுக்குது. ஒருக்கா பாத்துப்போடு சாமி. நாளைக்கு மொதலாளி உக்காருறாரு."

"பன்னெண்டு வோல்ட்டுன்னா அப்படித்தானுங்கண்ணா. பழகிரும்."

"நீ சொன்னாச் செரி" என்றார். அதே சிரிப்பு.

மறுநாள் காலை வாசலில் முப்பது பேர் இருந்தார்கள். அங்கப்பன் காரைச் சிலையைப் பார்த்து நிறுத்திவிட்டு இறங்கினார். பாலகோபால் ஏறினார்.

"கிளச்சை மிதிச்சுக்குங்க மொதலாளி. கியருல இருக்குதுங்க."

"எனக்குக் காரு ஓட்டச் சொல்லித் தாரீங்களா அங்கப்பா? எலுமிச்சையை வைங்க, போதும்."

எலுமிச்சம்பழம் வருஷா வருஷம் அங்கப்பன்தான் வைப்பார். ஆமாம், எனக்குத் தெரியும். வைத்துவிட்டு உடனே விலகிவிடுவார் என்று நினைத்திருந்ததாக எழுதிக்கொள்ளலாம். அன்று விலகினார். ஒரு பழம் உருண்டுவிட்டது. வீடியோக்காரர் கேட்டதால் மறுபடி குனிந்தார். சிலைக்கும் காருக்கும் நடுவில். அந்த நேரம் பார்த்துப் பாலகோபால் பட்டனை மிதித்தார். சாவியைத் திருப்பவே இல்லை. அதனால் இன்ஜின் ஓடவில்லை. மோட்டார் மட்டும் காரை இழுத்துக்கொண்டு போனது.

பம்பர் அங்கப்பனைப் பீடத்தோடு சேர்த்து நிறுத்தியது. பாலகோபால் காலை எடுத்துவிட்டார். மோட்டார் நிற்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரன் அடித்தார். ஹாரன் நன்றாக இருந்தது. பழைய ஹாரனில் அந்தக் கணீர் கிடையாது.

நான் காரின் இடது பக்கப் படியை ஒட்டி நின்றிருந்தேன். குனிந்தால் மெயின் சுவிட்ச். அங்கப்பன் முதலாளியைக் கூப்பிடவில்லை. "தொரை, தொரை" என்று என்னைத்தான் கூப்பிட்டார். அவருடைய முகத்தில் முதல் தடவையாக அந்தச் சிரிப்பு இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலகோபாலின் முகத்தையும் பார்த்தேன். தலைப்பாகை சரிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. பிறகு குனிந்து திருகினேன். வீடியோவில் பார்த்தால் பதினாலு வினாடி வருகிறது. ஆறு வோல்ட் மோட்டார் பன்னிரண்டு வோல்ட்டில், பாரம் இழுத்துக்கொண்டு, பதினாலு வினாடி பொசுங்காமல் நின்றது. அந்தக் காலத்துச் செம்புக் கம்பிச் சுற்று அப்படி.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அங்கப்பன் போய்விட்டார். அவருடைய மனைவி சென்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தனை பேரு நின்னாங்க. நீயொருத்தன்தான் காரை அமத்துனியாமா கண்ணு" என்று அழுதார். "பரவாயில்லீங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

பாலகோபால் மேல் கேஸ் போட்டீர்கள். காரை மாற்றியதைச் சொன்னால் பழி என் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கார் அசல் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. "ஒரு ஒயரு மாத்தலீங்க, தாத்தா வாங்குனப்ப இருந்த மாதிரியே இருக்குதுங்க" என்று உங்களிடமும் சொன்னார், பத்திரிகைக்காரர்களிடமும் சொன்னார். மனிதர் ஜெயிலுக்குப் போகத் தயார், ஆறு வோல்ட்டை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. இப்படி ஒரு வறட்டு ஜம்பத்தை நான் பார்த்ததில்லை.

நாற்பது நாள் கழித்து மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறான் என்று நினைக்கிறீர்கள். அந்த ஏட்டு அப்படித்தான் பார்க்கிறார். அதில்லை, மேடம். காரைச் சோதித்த அதிகாரியின் அறிக்கையை வக்கீல் ஒருவர் எனக்குக் காட்டினார். போனட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்: 'மின் அமைப்பு அசல் ஆறு வோல்ட், பழமையின் காரணமாகச் சுவிட்ச் பழுது.' பழமையாம். ஐந்து மாதம் ஒவ்வொரு ஒயராக இழுத்தவன் நான். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

முதலில் அந்த வரியை அடித்துவிட்டுப் பன்னிரண்டு வோல்ட் என்று எழுதுங்கள், என் பெயரையும் போடுங்கள். மற்றதை நீங்கள் எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.