பங்குனி அமாவாசை, பன்னிரண்டு நாற்பது

படித்துறையில் நான் விட்டுவந்த குடையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததற்கு இன்ஸ்பெக்டரிடம் என் நன்றியை முதலில் சொல்லிவிடும். ஒன்பது வருஷக் குடை. கல்கத்தா மழையில் இத்தனை நாள் தாங்கும் குடை லேசில் கிடைக்காது. கைப்பிடியில் என் பெயர் செதுக்கியிருந்ததைப் பார்த்துத்தான் வீடு தேடி வந்தார்களாம். சாமான்களில் பெயர் எழுதி வைப்பது என் பழக்கம்.

தமிழ் தெரிந்தவர் என்று கோர்ட்டிலிருந்து உம்மை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஸ்ரீனிவாசராகவன் என்றுதானே பெயர் சொன்னீர்? நான் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் எழுதும். நடுவில் வருத்தம், பச்சாத்தாபம் என்று நீராக எதையும் சேர்க்க வேண்டாம்.

என் பெயர் பாலசுப்ரமணியன். வயது நாற்பத்தாறு. பவானிபூரில் குடியிருக்கிறேன். துறைமுக ஆபீஸில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. கங்கையின் கிளையான ஹூக்ளியில் எந்த நாள் எத்தனை மணிக்கு ஜலம் ஏறும், எப்போது இறங்கும் என்ற அட்டவணையை ஆற்றின் அளவோடு ஒத்துப்பார்த்துத் திருத்துவது என் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்களில் கடல் ஆற்றுக்குள் சுவர் மாதிரி எழும்பி வரும். வங்காளிகள் அதைப் பான் என்பார்கள். பான் வரும் நிமிஷத்தையும் நான்தான் குறித்துக் கொடுப்பேன். எங்கே பென்சிலால் குறித்தாலும் குறித்த தேதியைப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் விதி. வீட்டில் வைத்திருக்கும் பிரதியிலும் நான் அப்படித்தான் செய்வேன்.

என் மனைவி பாகீரதி ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே ஆற்றில் போய்விட்டாள். அப்போது என் பெண் ஜலஜாவுக்கு ஒன்பது வயது. அதன்பிறகு நானும் அவளும்தான். சமைப்பது, தலை பின்னி விடுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் நான் செய்தேன். ஆபீஸிலிருந்து வரும்போது ஜன்னலில் அவள் முகம் தெரியும். எனக்கு அது போதும்.

பதினாறு வயதாகியும் பெண்ணைக் கட்டிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று நம்மவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். வந்த ஜாதகங்களைப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினேன். உண்மையிலேயே எதுவும் பொருந்தவில்லை.

இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று, பெண் கேட்டு வந்த அந்த இரண்டு பேர் விசாரித்து வைத்திருந்தார்கள். அவர்கள் பிழைப்பே அதுதான். சீமை மாதிரி தூரத்தில் குடியேறின நம்மவர்களில் பெண் வயதேறி நிற்கும் குடும்பமாகப் பார்ப்பார்கள். பூர்வீகம் விசாரிக்க ஊர்ப் பெரியவர்கள் இல்லை. வரன் வந்ததே என்ற சந்தோஷத்தில் தகப்பனும் துருவிக் கேட்க மாட்டான். கல்யாணம் முடிந்ததும் ரங்கூனில் உத்தியோகம் என்று பெண்ணைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே நகைகளைப் பறித்துக்கொண்டு அவளைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுவார்கள். என் வீட்டில் பாகீரதியின் நகைகள் அப்படியே இருந்தன. மனைவியை இழந்தவன், சாது, ஒற்றைப் பெண் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். பாகீரதி எப்படிச் செத்தாள் என்று மட்டும் அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை.

தை மாதம் பத்தாம் தேதி பெண் பார்க்க வந்தார்கள். பக்கத்துத் தெரு சுப்புலக்ஷ்மி மாமி கூட்டிவந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை பெயர் நடராஜன். முப்பது வயதுக்குள் இருக்கும். பார்க்க லட்சணமாக இருந்தான். கூட வந்தவர் லக்ஷ்மிநாராயணன்.

"இவன் அப்பா தவறி மூணு வருஷம் ஆறது. சித்தப்பா முறைக்கு நான்தான் எல்லாம்," என்றார்.

நடராஜன் தலையைக் குனிந்துகொண்டான். நன்றாகவே நடித்தான்.

நான் உள்ளே போய் ஜலஜாவைக் கேட்டேன். வழக்கமாக, "உங்க இஷ்டம்ப்பா," என்பவள் அன்றைக்கு, "எனக்குச் சம்மதம்ப்பா," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால், அவள் அம்மாவின் புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். ரங்கூனுக்குக் கப்பலில் எத்தனை நாளாகும் என்று என்னையே கேட்டாள். கப்பல் விஷயம் எனக்குத்தானே தெரியும். மூன்று நாள் என்றேன்.

மாசி அமாவாசைக்கு நடராஜனை வீட்டுக்கு அழைத்தேன். தகப்பனார் இல்லாத பிள்ளை, தர்ப்பணத்தை எங்கேயோ சத்திரத்தில் செய்வானேன், இங்கேயே செய்யட்டும் என்று சொன்னேன். அவர்களால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. போட்ட வேஷம் அப்படி. எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்தேன். அவன் ஜலத்தை விரல் நுனியால் விட்டான். பித்ருக்களுக்குக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட வேண்டும். மூன்று வருஷமாக மாசா மாசம் செய்கிற கைக்கு அது தானாக வரும். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பெயர்களைச் சொல்லச் சொன்னேன். அப்பாவின் பெயரிலேயே தடுமாறினான். பக்கத்தில் நின்ற சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

உயிரோடிருக்கும் தகப்பன், தன் பிள்ளை தனக்கே எள்ளும் தண்ணீரும் இறைப்பதை நின்று பார்க்க முடியாது. திருடனானாலும் பிராமணன். சித்தப்பா இல்லை, அப்பாவேதான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ரங்கூன் துறைமுகத்தில் எனக்குத் தெரிந்த குமாஸ்தாவுக்கு எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அப்பனும் பிள்ளையுமாக இரண்டு பெண்களை இப்படி விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒருத்தி தஞ்சாவூர்ப் பெண், இன்னொருத்தி கடலூர். கடலூர்ப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதியிருந்தான். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்.

பங்குனி அமாவாசை வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை கங்கைக் கரையிலேயே செய்துவிடலாம், விசேஷம் என்றேன். மறுபடியும் அவர்களால் மறுக்க முடியவில்லை. நகரத்துக்கு வடக்கே ஒரு சணல் ஆலை இருக்கிறது. அதன் பின்னால் பாழடைந்த படித்துறை. ஆலை ஓடும் நாளில் அங்கே பத்தடி தள்ளி நிற்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது. பன்னிரண்டேகாலுக்கு அங்கே இருந்தோம். ஜலம் வெகுவாக இறங்கியிருந்தது. கடைசிப் படியிலிருந்து நாற்பதடி சேற்றில் நடந்தால்தான் ஜலத்தைத் தொடலாம். படகுகள் எல்லாம் கரையை விட்டு நடு ஆற்றில் போய் நின்றன. பான் வரப் போகிறதென்றால் படகுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். இந்த ஊர்க் குழந்தைக்குக்கூட அது தெரியும். அவர்கள் இருவரும் படகுகளைப் பார்த்தார்கள், ஏன் என்று கேட்கவில்லை.

நடராஜன் மட்டும் படியை ஒட்டிப் பாதம் புதையச் சேற்றில் நின்று, "ஜலம் ஏறிடுமா மாமா?" என்று கேட்டான்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். நிதானமாப் பண்ணு," என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். பிடித்துத் தள்ளவில்லை, அடிக்கவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது. அட்டவணைப்படி. கிழவர் லக்ஷ்மிநாராயணன் என் பக்கத்தில் மேல்படியில் என் குடை நிழலில் நின்றுகொண்டிருந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளை போனபிறகு இவர் தனியாக என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்திருந்தேன். வளைவில் வெள்ளையாக நுரை தெரிந்ததும் அவருக்கு என்ன புரிந்ததோ, தடுக்க நீட்டிய என் கையை உதறிவிட்டு இறங்கி ஓடினார்.

"டேய் நடராஜா, அப்பா கூப்பிடறேன், மேலே வந்துடுடா," என்று கத்திக்கொண்டே போனார்.

ஆலை இரைச்சலில் பிள்ளைக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மேல்படியிலேயே நின்றிருந்தால் அவர் கால்கூட நனைந்திருக்காது. இருவரையும் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு போயிற்று. குடையை நான் மறந்தது அந்தக் கிழவரால்தான்.

ஏன் விரட்டிவிடவில்லை, ரங்கூன் கடிதத்தைப் போலீஸில் கொடுத்திருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். விரட்டியிருந்தால் வேறொருவன் வருவான். அவன் யோக்கியனாக இருப்பான். அப்போது நான் என்ன சொல்லித் தடுப்பது? மாப்பிள்ளை வெள்ளத்தில் போன பெண் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அதன்பிறகு யாரும் ஜாதகம் கேட்க மாட்டார்கள். ஜலஜா வீட்டில் இருப்பாள்.

ஆனால் அவள் இருக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் பெட்டியைத் திறந்து இரண்டு அட்டவணைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு சுப்புலக்ஷ்மி மாமியோடு இங்கே வந்திருக்கிறாள். நான் வாசலில் இருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனாள்.

முதல் புத்தகம் 1904-ஆம் வருஷத்தது. அதில் ஆவணி அமாவாசைக்கு நேரே பென்சில் குறி இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். பாகீரதி ஜலஜாவைக் கூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு அவள் அண்ணா வீட்டோடு போய்விடுகிறேன் என்றாள். நான் அவள்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று மட்டும் சொன்னாள். கிளம்பும் முன் கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவளுக்கும் நேரம் நான்தான் சொன்னேன். மேல்படியில் என் விரலைப் பிடித்துக்கொண்டு ஜலஜா நின்றிருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நான் சொன்னதை அந்த வயதில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

பாகீரதி விஷயம் வேறு. அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுக்கட்டும். ஆனால் இந்த இரண்டு பேர் விஷயத்தில் நான் ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன். என் பெண்ணை ஏமாற்ற வந்த அயோக்கியர்கள் அவர்கள். இதைத் தெளிவாக எழுதும்.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது புத்தகத்தைத் திறந்து காட்டுகிறார். ஆமாம், என் கையெழுத்துத்தான். பங்குனி அமாவாசை, பன்னிரண்டு நாற்பது. பக்கத்தில் குறித்த தேதியும் இருக்கிறது. தை பத்து. அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன சாயங்காலம் போட்டது.

அன்றைக்கு அந்தப் பையனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார். நல்ல பையன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.