கட்டை விரலுக்கு அடியில்

"இல்லாத டிஸ்க்க எப்படீங்க மாத்துவான்?"

காரமடை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் பஸ்ஸுக்கே கேட்கும்படி கேட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர், தன் காருக்கு பிரேக் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த கொட்டேஷனை நீட்டிக்கொண்டிருந்தார். கடையின் பெயரை அவருடைய கட்டை விரல் மறைத்திருந்தது.

"உங்க காருக்குப் பின்னாடி டிரம் பிரேக்குங்க. இவன் டிஸ்க்குன்னு போட்டிருக்கான். முன்னாடி பேடு ரேட்டு சரி. மத்ததெல்லாம் பொய்யிங்க. குடுக்காதீங்க."

"நிச்சயமாத்தானுங்களா?"

"நமக்குத் தெரியாதுங்களா? திருட்டுப்பய. யாரு கடைங்க?"

விரல் விலகியது.

"உங்க மச்சான் கடைதானுங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, இத மொதல்லயே சொல்லப்படாதுங்களா?"

"சொல்லியிருந்தா, ரேட்டு ஞாயந்தான்னு சொல்லியிருப்பீங்க."