தேவியின் அறை

பாலிக் புலாவ் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இத்தனை வருஷமா நான் சொல்லியும் சிரிக்காத மனுஷன், இன்னிக்கு கவர்மெண்ட் சொன்னதும் சிரிச்சிட்டீங்களே!" என்றார் அந்த அக்கா. என் காது தானாக அந்தப் பக்கம் போனது.

வீட்டில் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைக்க விரும்புகிறவர்களுக்குச் சுற்றுலாத் துறை ஜார்ஜ்டவுனில், வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்பது எப்படி என்று வகுப்பு நடத்தியிருக்கிறது. அதை முடித்துத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் புரிந்தது.

"கிளாஸ்ல சிரிச்சேன்லா. ரூம் கொடுக்கிறது வேற."

"அதுக்காக, வீடு பார்க்க வந்த ஆபிசரம்மாகிட்ட அந்த ரூம்ல கூரை ஒழுகுதுன்னு பொய் சொல்வீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தேவி வந்தா எங்க படுப்பா?"

"அவ கல்யாணமாகி சிம்பாங் அம்பாட்ல இருக்கா. நம்ம பொண்ணு வர்ற நாள்ல ஆள் தங்க வைக்க வேணாம்னு அந்த ஆபிசரம்மாவே சொல்லிட்டாங்க."

"சின்னதுல சுவத்துல கிறுக்கி வெச்சிருக்காளே, அதை அழிச்சு பெயிண்ட் அடிக்கச் சொல்வாங்க."

"கேட்டுட்டேன். அப்படியே இருக்கட்டும், வெளியூர்க்காரங்களுக்கு அதுதான் பிடிக்கும்னாங்க."

பஸ் மலைப்பாதையில் ஏறி இறங்கியது. அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த ரூம் மெத்தை பழசாயிருச்சு. புதுசு வாங்கணும்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கே போய் வாங்கலாங்க."

"மெல்லிசா வாங்கிடாத. தேவிக்கு முதுகு வலிக்கும்."