லாந்தர் ரெண்டு நல்ல கேம்

அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள், ஆகில் பாய், பின்கால் ஒன்று ஆடும். டைப்பிங் சென்டரில் நாள் முழுக்க நாற்காலியிலேயே கிடப்பதால் அறைக்கு வந்தால் நான் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அதை மாற்ற வேண்டும் என்று தோன்றியதே கிடையாது. தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். நிதானமாகக் குடியுங்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன்.

நீங்கள் நேரில் வந்து கேட்டது நல்லது. நம் கேம் குழுவுக்கு அட்மின் என்ற முறையில் உங்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் வாட்ஸாப்பில் கேட்டிருந்தால் நான் ஒரு வரிகூடப் பதில் எழுதியிருக்க மாட்டேன். இந்த அரபு நாட்டுக்கு வந்து, தேராவில் இத்தனை வருஷமாக ஊரார் விசாவுக்கும் வழக்குக்கும் காகிதம் அடித்துக் கொடுக்கிறவன் நான். எழுத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது எனக்குப் பழகிப்போயிற்று.

லாந்தர் விளையாட்டைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கிருந்து தொடங்கினால்தான் நான் செய்தது நியாயம் என்று புரியும். முதல் பாகம் எல்லோருக்கும் பிடிக்கும். கையில் விளக்கோடு ஒருவன் ஓடுவான், தாவுவான், வௌவாலை அடிப்பான், ஜெயிப்பான். அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆளே கிடையாது. இரண்டாவது பாகம் அப்படியல்ல. அதில் விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும். வெளிச்சம் வேண்டுமென்றால் சண்டை போட முடியாது, சண்டை போட்டால் வழி தெரியாது. ஒருமுறை தாவிவிட்டால் காற்றில் திரும்ப முடியாது. பாதியில் நிறுத்தி வைக்கவும் வழியில்லை, அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். பொறுமை உள்ளவனுக்காகச் செய்த விளையாட்டு அது. எனக்கு அது உயிர்.

இந்த வருஷம் அதைப் புதிதாக வெளியிட்டார்களே, அப்போது எழுந்தது எல்லாம். கேம் விற்கிற இணையதளத்தில் பாதிப்பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், பாதிப்பேர் காறித் துப்பினார்கள். நம் குழுவிலும் அதே கதைதான். ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இருக்கும் சுரேஷ்குமார், இருட்டில் தடவுகிற வேலை எனக்கு டூட்டியிலேயே போதும் என்று எழுதினார். ஈசா டவுன் முகம்மது ஆசிக், மற்றதெல்லாம் எப்படியோ, விளையாட்டின் நடுவில் அந்தப் பாலம் வரும்போது வாசிக்கிற இசைக்காகவே எதையும் மன்னிக்கலாம் என்றார். இரண்டு பேர்மீதும் எனக்கு வருத்தமில்லை. விளையாடிப் பார்த்து, தெரிந்து சொன்னவர்கள் அவர்கள்.

அழகுமலை அப்படிச் சொல்லவில்லை. மேலூர்ப் பக்கத்து ஆள், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தான், ஏசி மெக்கானிக். அவன் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும், குழுவில் பாதிப்பேர் அதை ஸ்டேட்டஸாகவே வைத்தார்கள். "மொதப் பார்ட்டு ஆட்டுக்கால் சூப்புன்னா, ரெண்டாவது பார்ட்டு அந்தச் சட்டியக் கழுவி ஊத்துன தண்ணி." சரி, வாய்த்துடுக்கு என்று விட்டிருப்பேன். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினான். "பாலகுரு அண்ணன் வீடியோவப் பாத்துத்தான் ஒரு ஸ்டேஜத் தாண்டுனேன். தாண்டுனேன்னா, தூங்கி எந்திரிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டீர்கள், ஆகில் பாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தமிழில் அந்த விளையாட்டுக்கு முழுதாக வழி சொன்ன வீடியோ என்னுடையது ஒன்றுதான். எத்தனையோ விடுமுறை நாள்களை அதில் போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் சொற்பம் என்பதும் தெரியும். நான் செய்தது அதற்காக என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் அந்தப் பாலத்தைக்கூடத் தாண்டியதில்லை. தாண்டாதவன் ஒரு பொருளைக் குப்பை என்று சொல்லிவிட்டுப் போனால், கேட்பதற்கு ஒருவனாவது வேண்டாமா?

நம் ஆட்களுக்கு ஒரு விஷயம் எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் புத்தியில் ஏறுவதில்லை. ஊரில் டீக்கடையில் ஒருவனை ஒருவன் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வான், மறுபடி ஒரே கிளாஸில் டீ குடிப்பான். அதே வாயை இங்கே போனில் எழுதி அனுப்புகிறான். இங்கே அது குற்றம். திட்டு வாங்கியவன் புகார் கொடுத்தால் கேஸ். அப்படி மாட்டியவர்கள் எத்தனையோ பேருக்கு நானே காகிதம் அடித்திருக்கிறேன். தெரியாதுங்க, சும்மா சிநேகிதமாத்தான் சொன்னேன் என்றுதான் ஒவ்வொருவரும் அழுவார்கள்.

ஆகவே நான் எதுவும் எழுதவில்லை. போன் செய்தேன். பேசியதற்கு என்ன சாட்சி?

அவனுடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தது எனக்குத் தெரியும். அக்காள் பூவாயிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது என்று அவனே குழுவில் சொல்லி, எல்லோரும் ஆறுதல் எழுதினோம், நானும் எழுதினேன். அவன் லீவுக்கு எழுதிப்போட்டு அதுவும் கிடைத்திருந்தது. நான் போனில் அதைத்தான் விசாரித்தேன். குரலை உயர்த்தவே இல்லை. பெற்றவள் மூத்திரத்தில் கிடக்கிறாள், நீ இங்கே சூப்பு, சட்டி என்று எழுதிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய், உன்னைப் பெற்றதற்கு அவள் பேச்சு நின்றதே நல்லது என்றேன். சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவன் திருப்பி அழைத்தான், நான் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? எழுதுவான்.

எழுதினான். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தான். மறுநாளும் அழைத்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்று தொடங்கி அதையே சொன்னேன். மறுபடி எழுதினான், இந்தமுறை இன்னும் நீளமாக. தவளை தன் வாயால் கெடும் என்பது பொய்யில்லை. எங்கள் சென்டரிலேயே சட்ட மொழிபெயர்ப்பு உண்டு. அவன் எழுதியதை அரபியில் மாற்றுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் அர்த்தம் சொன்னேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அவன் ஊருக்குக் கிளம்புகிற வாரமாகப் பார்த்துப் புகார் கொடுத்தேன் என்று குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். அது சரியல்ல. எனக்கு வேலை ஓய்ந்தது அந்த வாரம்தான். அதோடு, கேஸ் இருக்கிறவன் அது முடியாமல் நாட்டை விட்டுப் போக முடியாது என்பது சட்டம், நான் போட்டதல்ல.

அவன் சென்டருக்கு வந்தான். வேலை உடுப்பிலேயே வந்திருந்தான், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து என் காலைத் தொடப் போனான். நான் தடுத்தேன். மற்ற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"தப்புத்தாண்ணே. கோவத்துல எழுதிட்டேன். ஆத்தா கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா மொகத்தக் காட்டிட்டு வந்துர்றேன். வந்து ஜெயில்ல வேணாலும் இருக்கேன்."

புகார் கொடுத்தவன் விட்டுக்கொடுத்தால் இந்த மாதிரிக் கேஸ் முடிந்துவிடும். அந்தக் காகிதத்துக்கு இங்கே தனாசுல் என்று பெயர். நானே அவன் முன்னால் அடித்தேன். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்கு முன், நீ சொன்னதை மாற்றிச் சொல் என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை. நான் புகாரைச் சொல்வதாக நினைத்துத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். விளையாட்டைச் சொல்கிறேன் என்றேன். பையிலிருந்து போனை எடுத்தான். அப்புறம் கவுன்ட்டரில் சாய்ந்து நின்று குழுவிலும், விற்கிற தளத்திலும் எழுதினான். "லாந்தர் ரெண்டு நல்ல கேம்."

நான் வாசித்தேன். மனசில்லாமல் எழுதியது வாசித்தாலே தெரியும், ஆகில் பாய். கெஞ்சுகிறவன் எதைச் சொன்னாலும் கெஞ்சலாகத்தான் இருக்கும். அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவது எனக்கும் அந்த விளையாட்டுக்கும் மரியாதையாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வா, முழுக்க விளையாடி முடி, முடித்துவிட்டு அதே வார்த்தையைச் சொல், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

வந்தான். ஒரு வாரமல்ல, பல வாரம் வந்தான். டூட்டி இல்லாத நாளெல்லாம் வந்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மிகவும் சந்தோஷமாக இருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்து இதுவரை யாரும் விளையாடியதில்லை. காலையிலேயே மீன் குழம்பு வைத்து வைப்பேன். பாலத்தில் விழுந்துகொண்டே இருப்பான், விழ விழ நான் சொல்லிக் கொடுப்பேன். தாவுவதற்கு முன் விளக்கைத் தணி, எதிர்ப்பக்கத்தைப் பார், அப்புறம் தாவு. ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை நான். சில நாள் விழுந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவான். தண்ணீர் கொடுப்பேன். அம்மாவைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால், கவனம் சிதறும் என்று திரையைக் காட்டுவேன்.

நடுவில் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். போட்டிருந்தால் அவன் அன்றைக்கே விமானம் ஏறியிருப்பான். விளையாட்டு பாதியில் நின்றிருக்கும்.

இனி நீங்கள் எதற்காக வந்தீர்களோ அதற்கு வருகிறேன். கடைசி ஞாயிறு அவன் விளையாட்டு முடிகிற மாளிகைக்குள் போய்விட்டான். அவன் போன் என் கட்டில் ஓரத்தில் சார்ஜில் கிடந்தது. சத்தத்தை நான்தான் முன்பே அமர்த்தி வைத்திருந்தேன். பூவாயி வீடியோ காலில் வந்தாள். கட் செய்தேன். மறுபடி வந்தாள், மறுபடி கட் செய்தேன். விடாமல் வரவே, போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசினேன். உங்களிடம் அவள் சொன்னது உண்மைதான். எடுத்தது நான்.

"யாருண்ணே பேசுறது? தம்பிகிட்டக் குடுங்கண்ணே. ஆத்தாவுக்குப் பேச்சு வந்துருச்சு. அவன் பேரச் சொல்லியே கேக்குது. சீக்கிரம் குடுங்கண்ணே."

போனை அவள் திருப்பிப் பிடித்தாள். அந்த அம்மாவை நான் பார்த்தேன். என்னைத்தான் மகன் என்று நினைத்திருக்க வேண்டும், வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது, அழகு என்று இரண்டு தடவை சொல்லிற்று. நன்றாகவே கேட்டது. அவன் டூட்டியில் இருக்கிறான், முடித்ததும் பேசுவான் என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே வந்தேன். யாருண்ணே என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான். என் கம்பெனி ஆள் என்றேன். அந்த இடத்தில் கையை எடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆகில் பாய். அத்தனை வாரத்து உழைப்பும் போய்விடும். நான் யோசித்தது அதைத்தான்.

முடித்துவிட்டான். கடைசிக் கதவு திறந்து, திரை முழுக்க வெளிச்சம் வந்தபோது அவன் சிரித்தான். நான் பார்த்தேன், யாரும் அதை இல்லையென்று சொல்ல முடியாது. "நல்ல கேம்தாண்ணே. கையெழுத்தப் போடுங்க" என்றான். நான் உடனே போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். போனையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவன் அக்காளுக்கு அழைத்தான். அந்தப் பக்கம் ஒப்பாரிச் சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் அவள் ஏதோ கேட்டாள், "டூட்டியில இல்லக்கா" என்றான் அவன். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன், அடிக்கவில்லை. கன்ட்ரோலரை மெதுவாகக் கட்டிலில் வைத்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். கையெழுத்துப் போட்ட காகிதத்தைக்கூட மறந்துவிட்டான். மறுநாள் நானே லீவு போட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால்தான் அவனால் காரியத்துக்காவது போக முடிந்தது. இதைக் குழுவில் யாரும் எழுதவில்லை.

திரும்பி வரமாட்டான் என்று கேள்விப்பட்டேன். என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறான். நீங்களும் என்னைக் குழுவிலிருந்து எடுக்கத்தான் வந்திருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள், எனக்கு உங்கள்மேல் கோபமில்லை. பூவாயி போலீஸுக்கு எழுதப் போகிறாள் என்றால் எழுதட்டும். போனை எடுத்ததற்கு எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் போவதற்கு முன் கேம் விற்கிற தளத்தில் இந்தப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். அவன் எழுதியது அப்படியே இருக்கிறது, நான் தினமும் திறந்து பார்க்கிறேன். ஊருக்குப் போய் இத்தனை நாளாயிற்று. அங்கே அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிடிக்கவில்லை என்றால் இதை அழித்திருக்க மாட்டானா?