பூண்டு ஊறுகாய்க்கு விழுந்த டிக்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் சொன்னாள்: "வூட்ல இல்லாதவங்க நாக்குதான்க்கா கணக்கக் கெடுத்துருச்சு."

அவளும் அவள் அக்கா என்று கூப்பிட்டவளும் ஓர் ஊறுகாய்க் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், பிடித்த ருசியைக் கேட்டு எழுதுகிறவர்கள். மடியில் அப்படி எழுதிய பாரங்களின் கட்டு.

"நூறு பேர்ல அம்பது பேருக்கு மாங்கா, முப்பது பேருக்கு எலுமிச்ச, இருவது பேருக்குப் பூண்டுன்னு கம்பெனியோட பழைய கணக்கு சொல்லுது. நமக்குப் பூண்டே நாப்பது வந்துருக்கு. இவ்ளோ வித்தியாசம் தற்செயலா வராதுங்கிறாரு ஆபீஸ் சார்."

"நாம பொய்யா எழுதலையே?"

"இல்லக்கா. ரெண்டு நாளா திருமானூருக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். 'பூண்டு உங்களுக்குப் புடிக்குமாங்க?'ன்னா, 'எனக்கில்லம்மா, துபாய்ல இருக்க மவனுக்கு'ங்கிறாங்க. பூண்டுன்னு சொன்னவங்கள்ல பாதிக்கு மேல இதே பதிலு."

"அப்ப அந்த பாரத்தையெல்லாம் எடுத்துட்டு எண்ணு."

"எண்ணிட்டேன். கம்பெனி சொன்னதோட ஒத்துப்போவுது. ஒண்ணு ரெண்டுதான் முன்னபின்ன."

அக்கா கட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பாரத்தில் நின்றாள்.

"இது ஒன்னோடதுல்ல? பூண்டு வாசனையே ஒனக்கு ஆவாது. பூண்டுக்கு டிக் போட்டுருக்க. இத ஏன் எடுக்கல?"

அவள் அதை வாங்கி, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது மட்டும் இருக்கட்டும்க்கா. இந்தப் பொங்கலுக்காச்சும் அவரு வந்துருவாரு."