கடைசியாக வருகிற ஆள்

வெயிலில் கூட்டமாகச் சைக்கிள் மிதிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். உத்தமபாளையத்தில் தேனி பஸ் ஏறிய ஒருவன், சைக்கிள் ஹெல்மெட்டோடு என் முன் சீட்டில் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் உப்பு பூத்திருந்தது. பக்கத்து சீட்டிலிருந்த ஓர் அம்மா அவனிடம் கேட்டார்.

"இந்த வெயில்ல சைக்கிளா? கிறுக்கா புடிச்சிருக்கு?"

"குமுளிக்குக் கூட்டமாக் கெளம்புனோம்க்கா. வழியில மயங்கி விழுந்துட்டேன்."

"கூட வந்தவுக பாக்கலையா?"

"விழுறவுகளப் பாத்துக்கிறதுக்குத்தேன் கடைசியா ஒருத்தன் வரணும். அது நாந்தேன். எனக்குப் பின்னால யாருமில்ல."

"பெறகு யாரு தூக்குனாக?"

"ஆடு மேய்க்கிறவரு."

"ஒன்னைய இன்னுமா தேடல?"

அப்போது அவன் போன் அடித்தது. அவசரமாக எடுத்தான். கேட்டுவிட்டு மெதுவாக வைத்தான்.

"எங்க இருக்கேன்னு கேட்டாகளா?"

"இல்லக்கா. காத்தடிக்கிற பம்பு எங்கன்னு கேட்டாக. அது எங்கிட்டத்தேன் இருக்கு."